சிறுநீர்ப்பைக்குள் காசநோய்த் தடுப்பூசியா?
புற்றுநோயும் எதிர்ப்புச் சக்தியும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

வெயில் ஏறினால் மதுரைப் பக்கம் பாதி நோய்க்குப் பெயர் ‘சூடு’. கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, சிறுநீர் சிவப்பாகப் போனாலும் சூடு. பரவை, சமயநல்லூர், விளாங்குடி என்று திண்டுக்கல் சாலை நெடுகிலும் அதற்கு மருந்தும் தயாராக இருக்கிறது: இளநீர், வாழைத்தண்டுச் சாறு, ஊறவைத்த வெந்தயம். பெரும்பாலும் அது பலிக்கவும் செய்கிறது. சிக்கலே அதில்தான். பலிக்காதவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருக்கிறது. அலைந்து திரிந்து டாக்டரிடம் போய்ச் சேர்ந்தால், கட்டியைச் சுரண்டி எடுத்த கையோடு அவர் சொல்வது இன்னொரு அதிர்ச்சி: ‘டிபி தடுப்பூசி மருந்தை உள்ளே விடணும், வாரம் ஒரு தடவை வாங்க.’ அங்கிருந்து கிளம்பும் சந்தேகங்களில் முக்கால்வாசி, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் இந்தக் கட்டிக்கும் என்ன உறவு என்ற கேள்வியில்தான் போய் முடிகின்றன.

சிறுநீரில் ரத்தம் வந்தது, தானாகவே நின்றுவிட்டது, வலியும் இல்லை. அப்புறமும் டாக்டரிடம் போகணுமா?

வலி இல்லை என்பதால்தான் போகவேண்டும். கல் என்றால் விலாவைப் பிடித்து இழுக்கும். கிருமித் தொற்று என்றால் எரிச்சலும் நீர்க்கடுப்பும் இருக்கும். சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து வரும் ரத்தம் பல நேரங்களில் எந்த வலியும் இல்லாமல் வந்து, இரண்டு நாளில் நின்று, மாதக்கணக்கில் தலைகாட்டாமல் இருக்கும். இளநீர் குடித்தவர் இளநீரால் நின்றது என்று நம்பிவிடுவார்.

நடுவயதைத் தாண்டியவர், அதிலும் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர், ஒரே ஒரு முறை கண்ணால் ரத்தத்தைப் பார்த்திருந்தாலும் காட்டிவிடுவது நல்லது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பதோடு விட்டுவிடக் கூடாது. சிறு கட்டிகளும், சுவரோடு சுவராகத் தட்டையாகப் படரும் வகையும் ஸ்கேனில் தப்பிவிடலாம். குழாய் வழியே கேமராவை விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பிதான் இதற்குச் சரியான சோதனை.

பெண்கள் விஷயத்தில் தாமதம் இன்னும் அதிகம். மாதவிலக்குக் கோளாறு என்றோ, யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றோ மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்டு மாதங்கள் ஓடிவிடுகின்றன. இந்த நோய் ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம் வருகிறது என்பது உண்மை. அந்தக் கணக்கே பெண்களுக்கு எதிராகவும் திரும்பிவிடுகிறது. ‘இவருக்கு எங்கே வரப்போகிறது’ என்ற நினைப்பில் கேமரா சோதனை தள்ளிப்போகிறது.

புற்றுநோய்க்குப் போய் டிபி தடுப்பூசி மருந்தா? இது என்ன வைத்தியம்?

விசித்திரமாகத் தோன்றினாலும், ஐம்பது ஆண்டுப் பழக்கம் உள்ள வைத்தியம் இது. கனடாவில் கிங்ஸ்டன் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்வாரோ மொராலஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர், 1976-இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றிய சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். கட்டி திரும்பத் திரும்ப முளைத்துக்கொண்டிருந்த அவர்களுக்குப் பிசிஜி என்ற டிபி தடுப்பூசி மருந்தைக் குழாய் வழியாக நேரே சிறுநீர்ப்பைக்குள் விட்டார். கட்டி முளைப்பது வெகுவாகக் குறைந்தது. பிறகு பல நாடுகளில் சோதித்து, 1990-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அனுமதி தந்தது. இன்றுவரை, தசைக்குள் இறங்காத, ஆனால் திரும்பி வரும் அபாயம் அதிகமுள்ள கட்டிகளுக்கு முதல் தேர்வு இதுதான்.

வாரம் ஒன்றாக ஆறு வாரம் என்ற கணக்கு எப்படி வந்தது என்பது ஒரு வேடிக்கை. அந்த மருந்து அப்போது ஆறு குப்பிகளாக ஒரே பெட்டியில் வந்ததாம். ஒரு முறை விட்டால் வரும் எரிச்சல் தணிய ஒரு வாரம் ஆயிற்று. ஆகவே வாரம் ஒன்று, ஆறு வாரம்! பெரிய கணக்கெல்லாம் போட்டு வந்த எண் இல்லை. ஆனாலும் நிலைத்துவிட்டது. ஆறு வாரத்தோடு நிறுத்தாமல், இடைவெளி விட்டு மூன்று மூன்று வாரங்களாக மூன்று ஆண்டுவரை தொடர்ந்தால் பலன் கூடுகிறது என்று 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

இங்கே கவனிக்கவேண்டிய விஷயம், பிசிஜி கட்டிக்கு விஷம் அல்ல. கீமோ மருந்துபோல அது நேரே செல்லைக் கொல்வதை நம்பிக் கொடுக்கப்படுவதும் அல்ல. சுரண்டிய இடத்தில் வெளிப்பட்டிருக்கும் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தில் அந்தக் கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன. சிறுநீர்ப்பையின் உள்தோல் செல்களும் மிச்சமிருக்கும் புற்றுச் செல்களும் அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, இன்டர்லூக்கின் போன்ற ரசாயனச் செய்திகளை வெளியே விடுகின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. பின்னாலேயே மேக்ரோஃபேஜ், இயற்கைக் கொல்லி செல்கள், டி செல்கள். இரண்டாவது வாரம், மூன்றாவது வாரம் என்று போகப் போக இந்தக் கூட்டம் பெருகுகிறது. காசநோயில் நுரையீரலில் காணப்படுவது போன்ற கிரானுலோமா முடிச்சுகளைச் சிறுநீர்ப்பைச் சுவரிலேயே பார்க்க முடியும். கிருமியைத் தேடி வந்த கூட்டம் அங்கிருக்கும் புற்றுச் செல்களையும் கண்டுகொள்கிறது.

மருந்து விட்ட நாளில் வரும் எரிச்சல், அடிக்கடி ஒண்ணுக்குப் போகும் உணர்வு, ஒரு நாள் லேசான காய்ச்சல் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தின் வேலைதான். அந்த நேரம் லேபில் சிறுநீரைக் கொடுத்தால் ‘சீழ் செல் நிறைய’ என்று வரும். அதைப் பார்த்துப் பயந்து மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோ மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அந்த வகை மருந்து பிசிஜி கிருமியையும் கொல்லக்கூடியது. காசு கொடுத்து உள்ளே விட்டதைக் காசு கொடுத்தே அழித்ததாகிவிடும்.

அப்படியென்றால் எனக்கு டிபி வந்துவிடாதா? வீட்டில் பேரன் பேத்தி இருக்கிறார்களே?

தோப்பூர் டிபி ஆஸ்பத்திரியைப் பார்த்து வளர்ந்த ஊரில் இந்தப் பயம் நியாயமானது. பிசிஜி உயிருள்ள கிருமிதான். ஆனால் அது நுரையீரல் டிபி உண்டாக்கும் கிருமி அல்ல. மாடுகளைத் தாக்கும் காசநோய்க் கிருமியை கால்மெட், கெரன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் லீல் நகரில் 1908 முதல் 13 ஆண்டுகள், ஏறத்தாழ 230 தடவை மறுபடி மறுபடி வளர்த்து, அதன் வீரியத்தை இழக்கவைத்து உருவாக்கியது. இருமினால் பரவுவது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது.

கவனமாக இருக்கவேண்டியது சிறுநீரில். மருந்தை இரண்டு மணி நேரம் உள்ளே வைத்திருந்து கழித்த பிறகு, சுமார் ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, பதினைந்து நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தாம்பத்திய உறவில் ஆணுறை. இவ்வளவுதான்.

அரிதாக இந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவுவது உண்டு. அதனால்தான் கட்டியைச் சுரண்டியவுடன் விடாமல் குறைந்தது இரண்டு வாரம் காத்திருக்கிறார்கள். குழாய் போடும்போது காயம் பட்டு ரத்தம் வந்தால் அன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதும் அதனால்தான். ‘பஸ் ஏறி வந்தது வீண்’ என்று டாக்டரோடு சண்டை போடவேண்டாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர், நடப்பு டிபி உள்ளவர் ஆகியோருக்கு இந்த வைத்தியம் ஆகாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலோ, இரண்டு நாளாகியும் விடாவிட்டாலோ உடனே போகவேண்டும். பிசிஜி கிருமி மிஞ்சினால் டிபி மாத்திரைகளான ஐசோநயசிட், ரிஃபாம்பிசின் கேட்கும். பைரசினமைடு மட்டும் கேட்காது.

சின்ன வயதில் கையில் போட்ட பிசிஜி தழும்பு இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

இல்லை. தோளில் போட்ட ஊசி சிறுநீர்ப்பைப் புற்றுநோயைத் தடுக்கும் என்று யாரும் காட்டியதில்லை. ஆனால் கேள்வி அவ்வளவு அபத்தமானதும் அல்ல. ஏற்கெனவே பிசிஜியைச் சந்தித்த டி செல்கள் உடம்பில் இருந்தால், பிறகு சிறுநீர்ப்பையில் மருந்து விடும்போது அவை வேகமாக வந்து சேர்கின்றன என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு எலிகளில் காட்டியது. டிபி தோல் சோதனையில் தடிப்பு வந்திருந்த நோயாளிகளுக்குக் கட்டி திரும்புவது குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு குறிப்பிட்டது. அதை வைத்து வைத்தியத்தை மாற்றும் அளவுக்கு அது போதாது.

தழும்பைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்க்கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இந்தியாவில் பிசிஜி போடத் தொடங்கியது 1948-இல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில். அதே ஆண்டு கிண்டியில் பிசிஜி தயாரிப்புக்கூடமும் வந்தது. ஊர் ஊராகக் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தபோது அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ராஜாஜி. ‘நான் ஏன் எதிர்க்கிறேன்’ என்று 1955-இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை, பலன் உறுதியாகாத நிலையில், ஆரோக்கியமான குழந்தைகளுக்கு மொத்தமாக ஏற்றலாமா என்பது அவர் எழுப்பிய ஆட்சேபம். இன்று அவர் பெயர் தாங்கிய பனகல் சாலைப் பெரியாஸ்பத்திரியின் வரிசையில் நிற்பவர் கேட்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

ராஜாஜி சொன்னது சரியா என்றால், பாதி சரி. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பெரிய பரிசோதனை ஒன்று தொடங்கியது. பதினைந்து ஆண்டுகள் கவனித்ததில், பெரியவர்களின் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவில்லை என்று தெரிந்தது. நம் மண்ணிலும் நீரிலும் இருக்கும் அதே குடும்பத்துக் கிருமிகளோடு நம் உடம்பு ஏற்கெனவே பழகிவிட்டது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். மறுபக்கம், குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை டிபியை அந்த ஊசி தடுக்கிறது. இன்றும் பிறந்தவுடன் போடுவது அதற்காகவே. ஆக ஒரே கிருமி, தோளில் ஒரு வயதில் பலிக்கிறது, இன்னொரு வயதில் பலிக்கவில்லை, சிறுநீர்ப்பைக்குள் வேறொரு நோய்க்குப் பலிக்கிறது. மருந்தைப் போலவே அது போய் இறங்கும் இடத்தையும் ஆராயவேண்டும் என்று எனக்குப் பட வைத்தது செங்கல்பட்டுதான்.

எனக்கு நல்ல எதிர்ப்புச் சக்தி. சளி, காய்ச்சல் கூட வராது. பிறகு எப்படிக் கட்டி வளர்ந்தது?

இந்தப் பகுதியில் வரும் எல்லாக் கேள்விகளுக்கும் தாய்க் கேள்வி இது. எதிர்ப்புச் சக்தி என்பதை நாம் டேங்கில் இருக்கும் தண்ணீர்போல அளவாக நினைக்கிறோம். கொரோனாவுக்குப் பின் வந்த விளம்பரங்களும் அப்படியே நினைக்கவைத்தன. கட்டி விஷயத்தில் உடம்பு முழுக்க எவ்வளவு இருக்கிறது என்பதை விட, கட்டியைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் இடத்தில் எந்தெந்தச் செல்கள் இருக்கின்றன, அவை என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதே முக்கியம்.

சிறுநீர்ப்பைக் கட்டி வெறும் புற்றுச் செல்களின் குவியல் அல்ல. அதற்குள்ளும் சுற்றியும் ரத்தக் குழாய்கள், நார் செல்கள், டி செல்கள், பி செல்கள், மேக்ரோஃபேஜ்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. இதில் எல்லாமே நமக்கு வேண்டியவை அல்ல. மேக்ரோஃபேஜை எடுத்துக்கொள்ளுங்கள், கிருமியை விழுங்க வேண்டிய இந்தச் செல், கட்டிக்கு அருகில் வேறு சுபாவத்துக்கு மாறி, புண்ணை ஆற்றும் வேலையில் இறங்குகிறது. புதிய ரத்தக் குழாய் வளர உதவுகிறது. கட்டிக்கு அது ஊட்டம். நெறிப்படுத்தும் டி செல்கள் என்றொரு வகை உண்டு. நம் உடம்பை நாமே தாக்காமல் தடுப்பது அவற்றின் வேலை. கட்டிக்குள் அவை கூடினால் கொல்லவேண்டிய டி செல்களையும் அடக்கிவிடுகின்றன. ஆகவே ‘எதிர்ப்புச் செல்கள் நிறைய இருக்கின்றன’ என்று ரிப்போர்ட்டில் வந்தால் அதுவே நல்ல செய்தி என்று சொல்லிவிட முடியாது.

பரவைக் கண்மாயையோ வைகைக் கரையையோ பார்த்தவர்களுக்குச் சீமைக் கருவேலத்தைச் சொன்னால் புரியும். அது வளர்ந்த இடத்தில் வேறு செடி தலையெடுப்பது அரிது. தண்ணீரையும் மண்ணையும் தனக்குத் தகுந்தபடி ஆக்கிக்கொள்கிறது. தூரோடு வெட்டினாலும் வேர் மிச்சம் இருந்தால் அடுத்த மழைக்குத் துளிர்க்கிறது. சிறுநீர்ப்பைக் கட்டியும் தன்னைச் சுற்றியுள்ள இடத்தை அப்படி மாற்றி வைத்திருக்கிறது.

இந்தச் சூழலை மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, டி செல்கள் கட்டிக்குள் புகுந்திருப்பது. இரண்டு, டி செல்கள் வந்தும் விளிம்பிலேயே நின்றுவிடுவது. மூன்று, டி செல்களே எட்டிப் பார்க்காதது. பரவிய நிலையில் இருந்த ஏறத்தாழ 300 சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஒரு கட்டுரை, சுமார் பாதிப் பேருக்கு இரண்டாவது வகைதான் என்று கண்டது. சுற்றியுள்ள நார் செல்கள் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையின் பிடியில் இருந்தால் டி செல்கள் உள்ளே நுழைய முடிவதில்லை. அந்த நோயாளிகளுக்கு, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ‘இம்யூனோ’ மருந்தும் சரியாகக் கேட்கவில்லை. எலிகளில் அந்தச் சமிக்ஞையையும் சேர்த்து அடைத்தபோது டி செல்கள் உள்ளே போயின, கட்டியும் சுருங்கியது. இரண்டாவது வகைக்காரரின் உடம்பில் எதிர்ப்புச் சக்திக்குக் குறைவே இல்லை. அது வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வினோதம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் மரபணு மாற்றங்கள் மிக அதிகம். தோலில் வரும் மெலனோமா, நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அடுத்த வரிசையில் வருகிறது. அந்த மாற்றங்களில் பெரும் பங்கு அபோபெக் என்ற நொதிக் குடும்பத்தின் கைவரிசை. அவை வைரஸின் மரபணுவைச் சிதைப்பதற்காக நம் செல்களிலேயே இருப்பவை. வைரஸுக்கு வைத்திருந்த கருவி நம் டிஎன்ஏ மீதே பாய்ந்திருக்கிறது. ஆனால் இதில் ஒரு லாபமும் உண்டு: மாற்றங்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அந்தச் செல் அந்நியமாகத் தெரியும், டி செல்கள் கண்டுபிடிக்கவும் வாய்ப்புக் கூடும். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் வைத்தியம் வேறு பல புற்றுநோய்களைவிட இதில் எடுபடுவதற்கு அது ஒரு காரணம்.

கபசுரக் குடிநீர், நிலவேம்பு குடித்து எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் கட்டி கரையுமா?

கரையாது. மேலே சொன்னதுதான் காரணம்: பிரச்சினை அளவில் இல்லை, இடத்தில். இந்தக் கட்டிக்கு அவை பலன் தரும் என்று நோயாளிகளிடம் நிரூபிக்கப்படவும் இல்லை. குடித்தே தீருவேன் என்பவர் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். சில மூலிகைகள் கல்லீரலைத் தொந்தரவு செய்யும். அது மருந்தின் கோளாறா, கஷாயத்தின் கோளாறா என்று பின்னால் பிரித்தறிவது பெரும்பாடு.

கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

சிறுநீர்ப்பையில் இதற்கு நேர்மாறு. வெளியே வெட்டுவதே இல்லை. சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுக்கிறார்கள். கண்டுபிடிக்கப்படும்போது நான்கில் மூன்று பேருக்குக் கட்டி தசைக்குள் இறங்கியிருக்காது. பயந்து தள்ளிப்போடும் மாதங்களில்தான் அது இறங்குகிறது. இறங்கிவிட்டால் பையையே எடுப்பது, அல்லது கீமோவோடு கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பது என்று பேச்சே மாறிவிடும்.

கீமோ வேண்டாம், புதிதாக வந்திருக்கும் ‘இம்யூனோ’ ஊசி மட்டும் போட்டுக்கொள்ளலாமா?

டி செல்லின் மேல் பிடி-1 என்ற பிரேக் இருக்கிறது. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992-இல் இதைக் கண்டது. இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனோடு சேர்த்து அவருக்கு 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுச் செல் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி அந்தப் பிரேக்கை அழுத்துகிறது. டி செல் பக்கத்திலேயே இருந்தும் சும்மா இருக்கிறது. பிரேக்கின் மேல் கால் வைக்கவிடாமல் தடுப்பதுதான் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், அடிசோலிசுமாப் போன்ற ஊசிகளின் வேலை.

பிசிஜி சிலருக்கு ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் இங்கே ஒரு துப்பு இருக்கிறது. பிசிஜியால் வந்த டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமா சுரக்கின்றன. அதையே சாக்காக வைத்துப் புற்றுச் செல்கள் பிடி-எல்1-ஐக் கூட்டிக்கொள்கின்றன. அதனால் பிசிஜி கேட்காத தட்டைவகைக் கட்டிக்குப் பெம்ப்ரோலிசுமாப் 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முக்கிய ஆய்வில் 41 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. அவர்களிலும் பலருக்குப் பின்னால் திரும்பியது. பிசிஜியோடு இன்டர்லூக்கின்-15-ஐத் தூண்டும் மருந்தையும் சேர்த்துப் பைக்குள்ளேயே விடும் முறை அங்கே 2024-இல் அனுமதி பெற்றிருக்கிறது.

நோய் பரவியவர்களில், கீமோவுக்குப் பின் பெம்ப்ரோலிசுமாப் போட்டபோது கட்டி சுருங்கியது 100-க்கு 21 பேருக்கு. அதற்குப் பதில் வேறு கீமோ போட்டால் 11 பேருக்கு. இரு மடங்கு என்று மகிழலாம். ஐந்தில் நான்கு பேருக்குச் சுருங்கவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். கேட்பவர்களுக்கு நீண்ட நாள் கேட்கிறது என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. 2023-இல் வெளியான ஆய்வில் இதோடு என்ஃபோர்டுமாப் வெடோடின் என்ற மருந்தைச் சேர்த்ததும், நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், கீமோ மட்டும் பெற்றவர்களின் 16 மாதத்திலிருந்து 31 மாதத்துக்கு மேல் போனது. ஆக ‘இம்யூனோ மட்டும்’ என்பது எல்லோருக்குமான விடை அல்ல. கட்டி எந்த நிலை, சிறுநீரகம் எப்படி, பிடி-எல்1 எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்வது.

முடி கொட்டாது, வாந்தி குறைவு என்பதால் இதற்குப் பக்கவிளைவே இல்லை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிரேக்கை எடுத்துவிட்ட டி செல் நம் தைராய்டையும் குடலையும் நுரையீரலையும் தாக்கலாம். ஊசி போட்ட சில வாரம், சில மாதம் கழித்துக்கூட வயிற்றுப்போக்கோ மூச்சுத் திணறலோ வந்தால், ஓஆர்எஸ் குடித்துப் பார்ப்போம் என்று இருந்துவிடாமல் ஊசி போட்ட டாக்டரிடம் சொல்லவேண்டும்.

விலை லட்சக்கணக்கில். இதில் நம் நாட்டிலிருந்து வந்த ஒரு வெளிச்சம் உண்டு. மும்பை டாடா மருத்துவமனை, வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு வழக்கமான அளவில் சிறு பங்காக, வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு தாண்டியவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். சிறுநீர்ப்பைக்கும் அந்தக் குறைந்த அளவு போதும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நம் ஊர் நோயாளிக்குத் தேவையான ஆய்வு இதுதான் என்பது என் எண்ணம். இன்னும் புதிய மருந்தைத் தேடுவதைவிட இருப்பதை எட்டவைப்பது அவசரம்.

ஆண்களுக்கே ஏன் அதிகம்? புகைதான் காரணமா?

புகை பெரிய காரணம். ஏறத்தாழ பாதி நோய் அதனால் வருகிறது. ஆனால் அது மட்டும் அல்ல. வயதாக ஆக, சில செல்கள் ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமை இழந்துவிடுகின்றன. புகைப்பவர்களுக்கு இது கூடுதல். ஒய் இழந்த சிறுநீர்ப்பைக் கட்டி, சுற்றியுள்ள டி செல்களைக் களைத்துப்போகச் செய்து வேகமாக வளர்கிறது என்று 2023-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளிலும் மனிதக் கட்டிகளிலும் காட்டினார்கள். ஆறுதல் என்னவென்றால், அதே கட்டிகள் பிடி-1 ஊசிக்கு நன்றாகக் கட்டுப்பட்டன.

மதுரையில் சாயப்பட்டறை வேலை பார்த்தவர்களும் இதைக் கேட்கிறார்கள். 1895-இலேயே ஃபிராங்ஃபர்ட் சாய ஆலைத் தொழிலாளர்களிடம் இந்தப் புற்றுநோயை லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் அடையாளம் கண்டார். பென்சிடின், பீட்டா நாப்தைலமின் போன்ற அமின்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் இறங்கி, பைக்குள் மணிக்கணக்கில் தேங்குவதுதான் வழி. இந்தியா 1993-இலும் 1997-இலுமாக இவ்வகைச் சாயங்கள் 112-ஐத் தடை செய்தது. ஆனால் இருபது, முப்பது ஆண்டு கழித்தும் நோய் வரலாம் என்பதால், தடைக்கு முன் தொட்டியில் கை நனைத்தவர்கள் டாக்டரிடம் அந்தப் பழைய தொழிலைக் கட்டாயம் சொல்லவேண்டும். அதே குடும்பத்து அமின்கள் பீடி, சிகரெட் புகையிலும் உண்டு. பட்டறையை விட்டு வந்தவர் பீடியை விடவில்லை என்றால் பாதி பட்டறை கூடவே வருகிறது.

மதுரையில் எங்கே போவது? பிசிஜி மருந்து தட்டுப்பாடு என்கிறார்களே?

பனகல் சாலை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரக அறுவைப் பிரிவு இருக்கிறது. கரண்ட் வைக்கப் பாலரெங்கபுரம் அரசு மையம் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர், தனியாரிடம் போனாலும், எது எது அதில் வரும் என்று காப்பீட்டுக் கவுன்ட்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தட்டுப்பாடு உலகம் முழுக்க உண்டு. கனடாவில் இதைத் தயாரித்த பெரிய நிறுவனம் ஒன்று 2017-இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. மிக மெதுவாக வளரும் கிருமி. தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும், லாபம் குறைவு, யாரும் முன்வரவில்லை. இங்கே கிண்டி ஆய்வகத்தின் உரிமம் 2008-இல் நிறுத்தப்பட்டு 2010-இல்தான் திரும்பியது. புணேயின் சீரம் நிறுவனம் தயாரிப்பதால் நம் நிலை பரவாயில்லை. அந்த மருந்து கனடாவுக்கே கூடப் போகிறது. இருந்தாலும் ஆறு வாரத்துக்கும் மருந்து கைவசம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே முதல் டோஸைத் தொடங்குங்கள். நடுவில் நின்றால், பெருகிவந்த செல் கூட்டம் கலைந்துவிடும்.

மருந்து முடிந்ததும் விடுதலை இல்லை. மூன்று மாதத்தில் மறுபடி கேமரா, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் பல ஆண்டுகளுக்குக் கேமரா. இன்னொன்று: சுரண்டி எடுத்தபின் வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில், எடுத்த துண்டில் தசை இருந்ததா என்று எழுதியிருக்கும். தசையே வரவில்லை என்றால் கட்டி ஆழமாக இறங்கியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. சில வாரத்தில் இன்னொரு முறை சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வரியை விரல் வைத்துக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டின் அசலை எந்த ஆஸ்பத்திரியிலும் கொடுத்துவிடாமல் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.